அறாத நூல்

அத்தியாயம் 17

பத்து நாள் முகம் கொடுத்துப் பேசாதிருந்த யாதிரா, போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மகன் தாரியோவைக் கூட்டிக்கொண்டு நாத்தனார் எடில்மாவின் வாசலுக்கு வந்தாள்.

"நாளைலேர்ந்து இவன் மறுபடி இங்கயே இருக்கட்டும் மதினி" என்றாள். அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. எடில்மா பதிலுக்கு, உள்ளே வா, காப்பி இருக்கு என்று மட்டும் சொன்னாள்.

சண்டைக்குக் காரணம் சின்னதுதான். எடில்மா தன் வீட்டின் முன்னறையில் பதினாலு சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அந்தக் கடற்கரையில் இந்த வேலை செய்யும் பெண்களை அரசாங்கமே காகிதத்தில் 'தாய்' என்றுதான் எழுதும். பிள்ளைகளும் அம்மா என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எடில்மா நாற்பத்தாறு வயதுவரை பிள்ளை பெறாதவள். தாரியோவுக்கு அத்தை மட்டுமல்ல, ஞானத்தாயும் அவள்தான். வீதியில் நாலு பேர் பார்க்க அவன் "எடில்மாம்மா" என்று அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டபோது யாதிராவுக்குச் சுருக்கென்றது. மகனைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனவள் பத்து நாள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்துக்கொண்டே யாதிரா கைப்பையிலிருந்து மகனின் உத்தரியத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கார்மேல் மாதா படம் தைத்த இரண்டு சின்னத் துணிச் சதுரங்கள். கழுத்தில் போட்டால் ஒன்று நெஞ்சில் தொங்கும், ஒன்று முதுகில். இரண்டையும் இணைத்த பழுப்பு நூல் அறுந்திருந்தது. இது மூன்றாவது தடவை.

தாரியோ ஏழாம் மாதத்தில் பிறந்தவன். தங்கமாட்டான் என்றார்கள். அவன் அப்பா எலியேசெர், எடில்மாவின் தம்பி, படகில் நின்றபடி நேர்ந்துகொண்டான்: பிள்ளைக்கு ஐந்து வயது நிறையும்வரை மாதாவின் உத்தரியம் ஒரு நாளும் அவன் கழுத்தை விட்டு இறங்காது. ஐந்து நிறைய இன்னும் ஆறே வாரம்.

"இது நிக்கவே மாட்டேங்குது. ஆறு வாரம் தாங்குற மாதிரி ஏதாச்சும் பண்ணிக் குடேன்" என்றாள் யாதிரா.

எடில்மா மூலையில் கிடந்த தம்பியின் தூண்டில் பெட்டியைத் திறந்தாள். இருபது கிலோ மீன் துள்ளினாலும் அறாத தங்கூசி என்னும் நைலான் நூல் அதில் சுருள் சுருளாகக் கிடந்தது. ஒரு முழம் நறுக்கி, இரண்டு சதுரங்களிலும் கோத்து, கடல்காரர்கள் போடும் முடிச்சைப் போட்டு, எச்சில் தொட்டு இறுக்கினாள். இழுத்துப் பார்த்தாள். யாதிராவும் இழுத்துப் பார்த்தாள். பத்து நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அது ஞாயிறு. இன்று புதன்.

*

காலையில் கஞ்சி குடித்து முடித்ததும் பிள்ளைகளைத் திடலுக்குக் கிளப்புவது எடில்மாவின் வழக்கம். அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். கழுத்துச் சங்கிலி, தொப்பி நாடா, ரிப்பன், ரப்பர் நிப்பிள் தொங்கும் கயிறு, விசில் எல்லாம் அதற்குள் போன பிறகுதான் பிள்ளை வாசல் தாண்டும். போன வருஷம் ஒருத்தி மகளின் தங்கச் சங்கிலியை ஏன் கழற்றினாய் என்று சண்டைக்கு வந்தாள். எடில்மா அசையவில்லை. மாதக் கூட்டத்தில் மற்றக் காப்பகத் தாய்மார்களுக்கு எழுந்து நின்று இதைச் சொல்கிறவளும் அவள்தான். சறுக்கில் ஏறுகிற பிள்ளைக்கு விழுவதைவிட மாட்டிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து என்று அவள் சொன்னதை மேற்பார்வையாளர் மார்லேனி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

உத்தரியத்தை மட்டும் அவள் ஒருநாளும் கழற்றியதில்லை. அது நகையா, நாடாவா? தம்பியின் நேர்ச்சை. அதைக் கழற்றி டின்னில் போட வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு வந்ததில்லை. இன்று காலையும் வரவில்லை.

முறைப்படி தினமும் பெற்ற தாய்மாரில் ஒருத்தி துணைக்கு வரவேண்டும். இன்று லூஸ்தாரியின் முறை. பேச்சுக்காரி, ஆனால் பிள்ளைகள் மேல் உயிர். முடிச்சுப் போட்ட நீளக் கயிற்றை எடில்மா முன்னால் பிடிக்க, லூஸ்தாரி பின்னால் பிடிக்க, முடிச்சுக்கு ஒரு பிள்ளையாகப் பதினாலு பேர் வீதியைக் கடந்தார்கள். மீன்காரன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வழிவிட்டான்.

திடல் கடலுக்கு முதுகு காட்டி இருந்தது. இரண்டு பாதாம் மரம், நாலு ஊஞ்சல், ஒரு சறுக்கு. உப்புக்காற்றில் சறுக்கின் சாயம் உரிந்திருந்தாலும் தகடு நன்றாக இருந்தது. எடில்மா முதலில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். மணலைக் காலால் கிளறிக் கண்ணாடித் துண்டு கிடக்கிறதா என்று பார்த்தாள். பிறகுதான் ஏறச் சொன்னாள்.

லூஸ்தாரி ஊஞ்சல் பக்கம் போனாள். எடில்மா சறுக்கடியில் நின்று ஒவ்வொரு பிள்ளையாக இறக்கிக்கொண்டிருந்தாள். ஆறாவதாக வந்த சின்னக்குட்டி சான்ட்ராவின் செருப்பு வார் அவிழ்ந்திருந்தது. எடில்மா ஐந்து அடி தள்ளிப்போய் அவளை மணலில் உட்காரவைத்து வாரை மாட்டினாள். மாட்டிக்கொண்டே மேலே பார்த்தாள்.

தாரியோ உச்சியில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான். உட்காரக் குனிந்தபோது உத்தரியத்தின் முதுகுத் துணி சட்டைக்கு வெளியே வந்து, கைப்பிடிக் கம்பியின் போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எடில்மாவின் கண்ணில் பட்ட அதே நொடியில் அவன் கையை விட்டான்.

உடம்பு வழுக்கியது. கழுத்து வரவில்லை.

அவன் கத்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் புரியவில்லை. பதினாலு பிள்ளைகள் கூச்சலிடும் திடலில் ஒரு பிள்ளை சத்தமே இல்லாமல் காலை உதறிக்கொண்டிருந்தது.

அந்த ஐந்து அடியை எப்படிக் கடந்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. பக்கவாட்டில் ஏறி, அவன் தொடையைக் கட்டி மேலே தூக்கினாள். நூல் தளரவில்லை, தசைக்குள் புதைந்திருந்தது. விரலை நுழைக்கப் பார்த்தாள், நுழையவில்லை. பல்லால் கடித்தாள், அறவில்லை. லூஸ்தாரி ஓடிவந்து படியேறி, போல்ட்டிலிருந்து துணியைக் கிழித்து விடுவித்தபோது அவன் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது.

மணலில் கிடத்தினார்கள். எடில்மா அவன் வாயில் வாய் வைத்து ஊதினாள். மூன்றாவது ஊதலில் ரம்பம் அறுப்பதுபோல் ஒரு மூச்சு வந்தது. அப்புறம் இன்னொன்று. கண் திறந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

மீன்காரன் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தான். யாராவது ஒருத்தர்தான் பின்னால் உட்கார முடியும்.

எடில்மா பிள்ளையை நெஞ்சோடு அணைத்து ஒரு காலைத் தூக்கிப் போட்டேவிட்டாள். அப்போதுதான் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பதிமூன்று பேர் மணலில் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் அழ ஆரம்பித்திருந்தார்கள். ஒன்று கடலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. துணைக்கு வந்த தாயிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் லூஸ்தாரியால் தனியாகப் பதிமூன்று பேரைக் கட்டி மேய்க்க முடியாது.

எடில்மா இறங்கினாள். பிள்ளையை லூஸ்தாரியின் மடியில் வைத்தாள்.

"தலைய நேராப் பிடி. மடங்க விடாத" என்றாள்.

மோட்டார் சைக்கிள் முனை திரும்பியதும் அவள் ஓடிப்போய்க் கடலுக்குப் போன பிள்ளையைப் பிடித்தாள்.

*

கயிற்றில் எல்லோரையும் நிறுத்தி எண்ணினாள். பதிமூன்று. இன்னொருத்தனுக்காக நின்றாள். நாலைந்து மூச்சு விடும் நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். முன்வரிசைப் பையன் யெய்சோன், "அம்மா, அவன்தான் போயிட்டான்ல" என்று நினைவுபடுத்தினான்.

வீட்டுக்கு வந்தாள். கைகால் கழுவி விட்டாள். பருப்பு சூப்பும் சோறும் வறுத்த வாழைக்காயும் வைத்தாள். எல்லாவற்றையும் அவள் கை செய்தது. யாதிரா கடற்கரையில் மீன் அறுக்கும் கொட்டகையில் இருப்பாள். லூஸ்தாரி வழியில் சொல்லியிருப்பாள். எலியேசெர் விடியுமுன் கடலுக்குப் போனவன். மதியம் இரண்டு மணி வரை அவன் போன் எட்டாது.

பதினொன்றரைக்கு லூஸ்தாரி கூப்பிட்டாள். சுகாதார நிலையத்தில் பார்த்துவிட்டு, தொண்டை உள்ளே வீங்குகிறது, இங்கே வைத்திருக்க முடியாது என்று நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் அனுப்பிவிட்டார்களாம். யாதிரா மீன் செதில் ஒட்டிய கையோடு ஏறிப் போயிருக்கிறாள்.

"அவன் பேசினானா?"

"பேசல. ஆனா மூச்சு இருக்கு எடில்மா, நல்லாவே இருக்கு" என்றாள் லூஸ்தாரி. நல்லாவே என்ற சொல்லை எடில்மா நம்பவில்லை.

ஒன்றே கால் மணி நேரப் பயணம். எடில்மா கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் பிள்ளைகளைப் படுக்கவைத்தாள். பாய்களுக்கு நடுவே நடந்து ஒவ்வொருவராகத் தட்டிக்கொடுத்தாள். தாரியோவின் பாயை விரிக்காமல் விட்டிருக்கலாம். பழக்கத்தில் விரித்துவிட்டாள். சுருட்டி எடுக்க மனசு வரவில்லை.

சுவரோரமாக உட்கார்ந்தாள். அப்போதுதான் அது மெல்ல மெல்ல அவளுக்குள் வந்தது.

பழுப்பு நூல் மூன்று தடவை அறுந்தது. ஒரு தடவை ஊஞ்சல் சங்கிலியில், ஒரு தடவை கொய்யாக் கிளையில், ஒரு தடவை எப்படியென்று யாருக்கும் தெரியாது. மூன்று தடவையும் அவன் உத்தரியம் அறுந்துவிட்டதே என்று அழுதுகொண்டு வந்தான். கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தான்.

அவள் தன் கையைப் பார்த்தாள். முடிச்சை இறுக்க எச்சில் தொட்ட விரல்.

*

மேற்பார்வையாளர் மார்லேனி ஒரு மணிக்குப் போன் செய்தாள். ஆறுதல் சொன்னாள். நாளைக்குக் காப்பகம் திறக்க வேண்டாம், தானே நேரில் வருகிறேன் என்றாள். படிவத்தில் நிரப்ப வேண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை பிள்ளை, எத்தனை பெரியவர், எத்தனை மணி. எடில்மா சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அடுத்தது, கழுத்துல கிடக்குறத எல்லாம் கழட்டினீங்களான்னு. உங்க வீட்ல இத நான் கேக்கணுமா? ஆமான்னே போட்டுக்கிறேன்" என்றாள் மார்லேனி.

எடில்மா வாயைத் திறந்தாள். பாயில் சான்ட்ரா கனவு கண்டு வீறிட்டாள். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது மார்லேனி சறுக்கின் உயரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திடலிலிருந்து இரும்பை அடிக்கும் சத்தம் வந்தது. லூஸ்தாரியின் புருஷனும் இன்னும் நாலு பேரும் சறுக்கைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த போல்ட்டின் மூடி எப்போதோ விழுந்துவிட்டதாம். நகராட்சிக்காரனை விடமாட்டோம், அவன் வாசலிலேயே கொண்டுபோய்ப் போடுவோம் என்று வீதி முழுக்கப் பேச்சு. எடில்மாவின் ஜன்னலைக் கடந்து போனவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். உன் தப்பு இல்லை என்ற தலையசைப்பு. ஒவ்வொரு தலையசைப்புக்கும் அவள் ஒரு படி உள்ளே போனாள்.

இரண்டு மணிக்கு மேல் தாய்மார்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வழக்கமாக நாலுக்குத்தான் வருவார்கள். யாரும் கோபமாகப் பேசவில்லை. பிள்ளையை வாங்கும்போது கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அது அவர்களுக்கே தெரிந்திருக்காது.

கடைசியாக லூஸ்தாரி மகளைக் கூட்டிப்போக வந்தாள். சுகாதார நிலையத்து நர்ஸ் கத்தரித்து எடுத்த உத்தரியம் ஒரு பிளாஸ்டிக் பையில் அவள் கையில் இருந்தது. ஒரு சதுரத்தின் ஓரம் கிழிந்திருந்தது. தங்கூசி முடிச்சு கட்டினபடியே இருந்தது. கத்தரி வேறு இடத்தில்தான் வெட்டியிருந்தது.

"யாதிராகிட்ட நாந்தான் சொன்னேன்" என்றாள் லூஸ்தாரி, குரலைத் தாழ்த்தி. "பிள்ளைக்கு என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு உலுக்குறா. மேலேர்ந்து கால் தவறித் தலைகுப்புற விழப்போனான், மாதாவோட உத்தரியந்தான் பிடிச்சு நிறுத்துச்சுன்னு சொன்னேன். அப்புறந்தான் அவளுக்கு மூச்சே வந்துச்சு."

"நீ பார்த்தியா?"

"நான் ஊஞ்சல் பக்கமில்ல இருந்தேன்? தொங்கினதத்தான் பார்த்தேன். வேற எப்படி இருக்கும்?"

எடில்மா பையை வாங்கிக்கொண்டாள். சொல்வதற்கு அதுதான் நேரம். ஆனால் லூஸ்தாரி மகளின் கையைப் பிடித்தபடி வாசலில் நின்று, தயங்கித் தயங்கி, தன் மகளுக்கும் அதே மாதிரி ஒன்று கட்டித்தர வேண்டும் என்று கேட்டுவிட்டாள். தங்கூசியிலேயே. கொட்டகையில் இன்னும் மூன்று பெண்கள் கேட்கிறார்களாம். யாதிரா ஆம்புலன்சில் ஏறுமுன்பே எல்லோருக்கும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

*

எலியேசெர் மூன்று மணிக்கு வந்தான். கரையில் இறங்கியதுமே சொல்லிவிட்டார்கள். உப்பு காயாத கால்சட்டையோடு நின்றான். முனையில் ஒருத்தன் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் உறுமவிட்டுக் காத்திருந்தான்.

யாதிராவோடு பேசிவிட்டானாம். தொண்டையில் குழாய் வைத்து, மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறார்கள். வீக்கம் வடிந்ததும் நாளைக் காலையில் எழுப்பிப் பார்ப்பார்களாம். எழுப்பினால்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னார். என்ன தெரியும் என்று யாதிரா கேட்கவில்லை.

பிள்ளையின் பிறப்புக் காகிதமும் மருத்துவ அட்டையும் எடில்மாவின் கோப்பில் இருந்தன. அதை வாங்கத்தான் வந்தான். அதோடு இன்னொன்றும்.

"அவ உத்தரியத்தக் கேக்குறாக்கா. கழுத்துல போட விடமாட்டாங்க, தலகாணில குத்தி வைக்கிறேங்குறா. நீயே கட்டி அனுப்பணுமாம். அதே நூலுலதான்னு ரெண்டு தடவ சொன்னா."

எடில்மா காகிதங்களை எடுத்துக் கொடுத்தாள். தையல் பெட்டியைத் திறந்தாள். தங்கூசியின் மிச்சத்தை நறுக்கி எறிந்துவிட்டு, பழுப்பு நூலை ஊசியில் கோத்து, கிழிந்த ஓரத்தை இரண்டு தையலில் மூடி, இரண்டு சதுரங்களையும் இணைத்துக் கட்டினாள். அவன் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தான். பார்க்காமலே போய்விடுவான் என்று நினைத்தாள்.

ஆனால் அவன் கடல்காரன். எந்த முடிச்சைக் கையில் கொடுத்தாலும் இழுத்துப் பார்க்காமல் வாங்க மாட்டான். வாங்கினான், இரண்டு கையாலும் ஒரு சுண்டு சுண்டினான். நூல் பட்டென்று அறுந்தது.

"என்னக்கா இது?"

"நூலு."

"நூலுதான். தங்கூசி எங்க? பெட்டி நிறையக் கிடக்கே."

"அது வேண்டாம்."

"அவ அதத்தான் கேட்டா."

எடில்மா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் விழலடா. நல்லா உக்காந்து, என்னப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டுத்தான் கைய விட்டான். முதுகுல கிடந்த துணி போல்ட்டுல மாட்டிக்கிடுச்சு. பழைய நூலா இருந்தா அறுந்திருக்கும். அவன் பாட்டுக்குக் கீழ மணல்ல வந்து உக்காந்திருப்பான். நான் கட்டினது அறுபடல."

அவன் அறுந்த நூலையே பார்த்தான். முகத்தில் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்திருந்தால் தாங்கியிருப்பாள். அவன் மெதுவாக, பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் உட்கார்ந்தான். முழங்கால் நெஞ்சுவரை வந்தது.

"தங்கூசி என்னுது. நேர்ச்சையும் என்னுது" என்றான்.



அப்புறம் இதை யாதிராவிடம் சொல்ல வேண்டாம் என்றான். கெஞ்சுகிற குரல் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்கிற குரல். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுக்கு இப்போது பிடித்துக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான். மாதா கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டு நிற்கிறாள். அதையும் பிடுங்கினால் விழுந்துவிடுவாள். நாளைக் காலைவரையாவது போகட்டும்.

"அப்புறம் உன்னையும் விடமாட்டா. இந்தத் தடவ போனா வரமாட்டாக்கா. பிள்ளைய உன் கண்ணுல காட்டவே மாட்டா" என்றான்.

அவளுக்கு அது தெரியாதா? காலையிலிருந்து அவள் தெரிந்து வைத்திருப்பது அது ஒன்றுதான். பத்து நாள் அவன் இல்லாமல் இந்த வீடு எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியும். பதிமூன்று பிள்ளைகள் கத்தியும் அது அமைதியாகத்தான் இருந்தது.

"லூஸ்தாரி வந்து கேட்டுட்டுப் போறா" என்றாள். "அவ மகளுக்கும் தங்கூசில கட்டணுமாம். இன்னும் மூணு பேரு கேக்குறாங்களாம். நாளைக் காலைல சறுக்கு இருக்காது, சரி. ஊஞ்சல் இருக்கு, மரம் இருக்கு, படகுக் கொக்கி இருக்கு. எத்தன கழுத்து?"

 முனையில் மோட்டார் சைக்கிள்காரன் ஒருமுறை ஹாரன் அடித்தான். மறுபடி அடிக்கத் தயங்கினான் போல, விட்டுவிட்டான்.

எலியேசெரின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். யாதிரா. அது அதிர்ந்து ஓய்ந்தது. உடனே மறுபடி அதிர ஆரம்பித்தது. அவன் அக்காவைப் பார்த்தான், போனைப் பார்த்தான். எடுத்துப் பேசினால் என்ன சொல்வதென்று அவனுக்கும் தெரியவில்லை என்பது அவன் கட்டைவிரலில் தெரிந்தது. பச்சைப் பொத்தானுக்கு மேலே அது அப்படியே நின்றிருந்தது.

அப்புறம் அவன் போனை மேசைமேல் வைத்து, ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினான்.

எடில்மா எடுத்தாள்.

"கெளம்பிட்டீங்களா? மதினி கட்டிக் குடுத்துட்டாளா?" யாதிராவின் குரலுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் ஒரே அளவாக விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் நின்றுகொண்டுதான் பேசுகிறாள் என்பது மூச்சில் தெரிந்தது.

"எலியேசெர் இல்ல, நான்தான்" என்றாள் எடில்மா. "பக்கத்துல நாற்காலி இருந்தா உக்காரு, யாதிரா."